பி.பி. முகாமில் கருவி வாங்குவது கடைசி வேலை

கேள்வி: எங்கள் ஊரில் ஏறத்தாழ 300 வீடுகள். ஐம்பது வயதுகூட ஆகாத இரண்டு பேர் ஒரே ஆண்டில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார்கள். பிரஷர் இருந்தது இரண்டு வீட்டிலும் அதுவரை யாருக்கும் தெரியாது. மகளிர் குழுவும் இளைஞர் மன்றமும் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு பி.பி. முகாம் நடத்தலாம் என்றிருக்கிறோம். எந்தக் கருவி நல்லது, எத்தனை வாங்கலாம்?

பதில்:

கருவி பற்றிக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் வேறொன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். முகாமில் 160/100 காட்டியவர் அடுத்த வாரம் யாரிடம் போவார், எந்தக் கிழமை போவார், அவர் போனாரா என்று யார் பார்ப்பது? இதற்குப் பதில் இல்லாமல் பந்தல் போட்டால், நூறு பேர் ஒரு துண்டுச் சீட்டோடு வீட்டுக்குப் போவார்கள். சீட்டு அலமாரியில் கிடக்கும்.

2020-இல் தமிழ்நாட்டில் தொற்றாநோய்களைப் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அளவு கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கண்டுபிடிக்காமல் விட்டது பாதிக் கதைதான். கண்டுபிடித்த பிறகு நழுவ விட்டது மீதிக் கதை.

எனவே முதல் வேலை, உங்கள் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரையும் போய்ப் பார்ப்பது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதன் பெண் தன்னார்வலர் உங்கள் ஊருக்கும் வந்து போகிறவராகவே இருப்பார். மாத்திரையை வீடு வரை கொண்டுவந்து தருகிற ஏற்பாடு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் தனிக்கடை போட வேண்டாம், அவருடைய பதிவேட்டில் பெயர் ஏறினால் போதும். பிரஷர், சர்க்கரை போன்ற தொற்றாநோய்களுக்கான என்.சி.டி. பிரிவு எந்தக் கிழமை நடக்கிறது, அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் என்கிற பிரஷர் மாத்திரைகள் கையிருப்பு இருக்கிறதா, ஒரே வாரத்தில் முப்பது நாற்பது புது ஆட்கள் வந்தால் தாங்குமா என்று கேட்டு, அதற்கேற்ப முகாம் தேதியை வையுங்கள்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொங்கல் நாளிலேயே வேண்டாம். பாதிப் பேர் விருந்து, அலைச்சல், தூக்கமின்மையோடு வருவார்கள். ஆண்களில் சிலர் குடித்துவிட்டும் வருவார்கள். வெளியூரில் வேலை செய்கிறவர்கள் வந்திருப்பார்கள் என்பதுதான் பொங்கலின் லாபம். அதனால் பண்டிகை முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ வையுங்கள்.

யார் வருகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். பகல் பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் முகாம் வைத்தால் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்களும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான். நீங்கள் தேடுகிற ஆள், அதாவது முப்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் இருக்கும் ஆண், வயலிலோ லாரியிலோ கட்டட வேலையிலோ இருப்பார். வீடு வீடாகப் போனாலும் பத்து மணிக்கு மேல் அகப்படமாட்டார். பால் சொசைட்டியில் காலை ஆறு மணி, நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் இடைவேளை, மாலை ஏழு மணிக்கு மேல் கோயில் திடல் என்று மூன்று நான்கு சிறு அமர்வுகளாகப் பிரித்தால்தான் கையில் கிடைப்பார்.

இப்போது கருவி. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், விரலில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி, அதிலும் துல்லியம் சோதித்துச் சான்று பெற்ற மாடல். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த மாடல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அதையே வாங்குங்கள். ஒரு அமர்வுக்கு இரண்டு கருவி போதும். வாங்கியதும் அங்கே கொண்டுபோய், ஐந்தாறு பேருக்கு அவர்கள் கருவியிலும் உங்கள் கருவியிலும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிடுங்கள். எல்லோருக்கும் ஒரே பக்கமாக ஏழெட்டு விலகினால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இந்த ஒப்பீடு வேண்டும். அல்கலைன் பேட்டரி ஒரு செட் கூடுதலாக இருக்கட்டும். பேட்டரி இறங்கினால் பட்டை மெதுவாக ஊதும், பாதியில் நின்று பிழை காட்டும், வரிசையில் நிற்பவர் பொறுமை இழப்பார்.

கருவியைவிட அதிகம் பேரை ஏமாற்றுவது கஃப் என்கிற கைப்பட்டை. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. பருத்த கையில் அதைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், 10, சில நேரம் 20 வரை கூட்டிக் காட்டும். மெலிந்த கையில் பெரிய பட்டையைக் கட்டினால் இருக்கிற பிரஷரை மறைத்துவிடும். கிராமத்தில் இந்த இரண்டாவது தவறை யாரும் கவனிப்பதில்லை. களை எடுத்து எடுத்து மெலிந்துபோன பாட்டியின் கைச் சுற்றளவு 20 செ.மீ.கூட இருக்காது. அதனால் 17–22, 22–32, 32–42 என மூன்று அளவிலும் ஒவ்வொரு பட்டை வாங்குங்கள். கருவியின் அதே கம்பெனிப் பட்டைதான் அதற்குச் சரிப்படும். கூடவே தையல்காரர் டேப் ஒன்று. தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிப் பார்த்து, செ.மீ. கணக்கைச் சீட்டில் எழுதிவிட்டால் அடுத்த முறை யோசிக்க வேண்டியதில்லை.

பார்க்கும் முறைதான் முக்கியம். இதில் அவசரப்படுவதால்தான் பெரும்பாலான முகாம்கள் கெடுகின்றன. அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி, வெற்றிலை புகையிலை, ஹான்ஸ் எதுவும் கூடாது. சைக்கிள் மிதித்து வந்தவர், சுமை தூக்கி வந்தவர் என்றாலும் அதே அரை மணி நேரம். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை மட்டுமே அளவை 10-க்கு மேல் ஏற்றிவிடும். பிறகு சாய்மானம் உள்ள நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். ஸ்டூல், பெஞ்சு, திண்ணை ஓரம் உதவாது. பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் இல்லாமல். கை மேசைமேல் ஓய்வாக இருக்க, பட்டை நெஞ்சின் நடுப்பகுதிக்கு நேராக வர வேண்டும். கை 10 செ.மீ. தாழ்ந்தால் அளவு ஏழெட்டு கூடும். மேசை தாழ்வாக இருந்தால் கைக்கடியில் தலையணையோ மடித்த போர்வையோ வையுங்கள்.

பட்டை வெறும் கையில் ஏற வேண்டும். பிளவுஸ் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கட்டுவது எங்கும் நடக்கிற தவறு. சுருட்டிய துணி கையை இறுக்கி அளவைக் கெடுக்கும். பெண்களுக்குப் புடவையால் ஒரு தடுப்புக் கட்டி, பார்ப்பவரும் பெண்ணாகவே இருக்கட்டும். அப்போதுதான் கையை வெளியே எடுக்கச் சொல்ல முடியும். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, ட்யூப் உள்பக்கம் வரும்படி, ஒரு விரல் நுழையும் இறுக்கத்தில். ஊதும்போது இருவரும் பேசக் கூடாது. “என்ன அத்தை, பேத்தி கல்யாணம் எப்போ?” என்று ஆரம்பித்தால் அதிலேயே 10 ஏறிவிடும்.

ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துச் சராசரி எழுதுங்கள். முதல் அளவு கூடுதலாகவே இருக்கும். இரண்டுக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவதும் பார்த்து, கடைசி இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்முறை வருபவருக்கு இரண்டு கையிலும் பார்ப்பது நல்லது. எந்தக் கையில் கூடுதலோ அதுதான் இனி அவருடைய கை. டயாலிசிஸுக்காக இணைப்பு வைத்த கையிலும், மார்பக அறுவைச் சிகிச்சை நடந்த பக்கத்துக் கையிலும் கட்டக் கூடாது. திரையில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். சீட்டைப் புரட்டும்போது 120/80, 130/80, 140/90 என்றே வரிசையாக இருந்தால், எழுதியவர் கருவியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இப்படிச் செய்தால் ஒரு கருவியில் மணிக்குப் பன்னிரண்டு பேரைப் பார்க்கலாம். அதற்கு ஐந்தாறு ஓய்வு நாற்காலிகள் வரிசையாக வேண்டும். இரண்டு கருவி, மூன்று மணி நேரம், எழுபது பேர். உங்கள் ஊரில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் எழுநூறு பேர் என்று வைத்துக்கொண்டால் பத்து அமர்வு. ஒரே நாளில் முடிக்க நினைத்தால் எண்கள் கிடைக்கும், அளவு கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைப் பரிசோதனையையும் சேர்த்து வைத்து, “வெறும் வயிற்றோடு வாங்க” என்று மைக்கில் சொன்னால், பிரஷர் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருவார்கள். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டோடு பார்த்துக்கொள்ளலாம், பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கம்போல் போட்டுவிட்டு வரலாம் என்று சேர்த்தே அறிவியுங்கள்.

எண் வந்த பிறகு என்ன சொல்வது? 130/85-க்குக் கீழே என்றால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். 130–139 அல்லது 85–89 இருப்பவர்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்லி, ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லுங்கள். மேலே 140 அல்லது கீழே 90, இரண்டில் ஒன்று எட்டினாலும் போதும், இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டியவர். “உங்களுக்கு பி.பி. இருக்கு” என்று முகாமிலேயே முத்திரை குத்தாதீர்கள். “இன்னைக்கு அளவு கூடுதலா இருக்கு, அடுத்த வாரம் நர்ஸம்மாகிட்ட ஒருமுறை பார்த்துடுவோம்” என்பதே போதும். இரண்டு வேறு வேறு நாளிலும் கூடுதலாக இருந்தால்தான் நோய் என்று மருத்துவர் முடிவு செய்வார்.

180/110 எட்டியவருக்குத் தனி வழி. படுக்கவோ உட்காரவோ வைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவு, ஆனால் தொந்தரவு ஒன்றும் இல்லை என்றால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட ஒருவர் அழைத்துப் போக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, வாய் கோணல், பேச்சுக் குழறல், திடீரென்று பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி, குழப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் 108. வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதி அனுப்புங்கள். பிரஷரை உடனே இறக்க நிஃபெடிபின் காப்ஸ்யூலைக் குத்தி நாக்கின் கீழ் விடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அளவு தடாலென்று விழுந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்துபோகும். யாராவது முன்வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு 140/90 என்பதே அன்றைக்கே அனுப்ப வேண்டிய அளவு. தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, முகவீக்கம் சேர்ந்திருந்தால் காத்திருக்கவே கூடாது. ஏற்கெனவே டெல்மிசார்ட்டன், எனலாபிரில் சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அவை கருவைப் பாதிக்கும்.

விழிப்புணர்வு என்று தனியாக ஒரு சொற்பொழிவு வைப்பதைவிட, ஓய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு எதிரே ஒரு தட்டி வைத்துவிடலாம். அதில் என்ன எழுதுவது? ‘ரத்தக் கொதிப்பு’ என்கிற பெயரே ஒரு தொல்லை என்பேன். கொதிப்பு என்றதும் சூடு, கோபம், படபடப்பு என்று மனசு போகிறது. “எனக்குத் தலை சுத்தல, கோவமும் வராது, அப்புறம் எப்படி கொதிப்பு வரும்?” என்று கேட்கிறார்கள். 170 இருப்பவர் வரப்பில் நடந்து போய் மடை திறந்துவிட்டு வருவார், ஒன்றும் தெரியாது. அதனால் தட்டியில் முதல் வரி: அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு சிறு தேக்கரண்டி தலைதட்டி. இதை யாரும் அளக்கமாட்டார்கள். மாதக் கணக்காகச் சொல்லுங்கள்: பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் தீர்ந்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் அதற்கு மேல். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரை இரண்டு முறை கொட்டிவிட்டுச் சமைக்கலாம். பழைய சோற்றில் தனியாக உப்புப் போட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வைப்பதில் ஒன்றை விடலாம். கல்லுப்பு, இந்துப்பு என்று மாற்றுவதில் லாபம் இல்லை, சோடியம் ஏறக்குறைய அதேதான். பொட்டாசியம் கலந்த உப்பு உண்மையிலேயே பலன் தருகிறது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும்.

மூன்றாவது, யாரும் எதிர்பார்க்காத காரணங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், பெயரில்லாத மூட்டுவலிப் பொடி (அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு), சளிக்குத் தினமும் போடும் அதிமதுரம் மூன்றும் பிரஷரை ஏற்றும். மாத்திரைக்கு அடங்காத பிரஷர் என்றால் முதலில் இவற்றைக் கேளுங்கள்.

மாத்திரை தொடங்கியவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்பதை உங்கள் தன்னார்வலர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் தொடங்குவது அம்லோடிபின் 5 மி.கி. அதில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். “கிட்னி போச்சு” என்று பயந்து அன்றோடு விட்டுவிடுவார்கள். அது சிறுநீரக வீக்கம் இல்லாமலும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டினால் மாத்திரையை மாற்றிவிடுவார். எனலாபிரிலில் வறட்டு இருமல் வரும், அதற்கும் மாற்று உண்டு. சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரையை வேலைக்குப் போகும் பெண்கள் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள், நடவு வயலில் ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது? இதைக் கேட்டு மருத்துவரிடம் சொன்னால் வேளையை மாற்றுவார், அல்லது மருந்தையே மாற்றுவார். அட்டினோலால் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தக் கூடாது, துடிப்பும் அழுத்தமும் எகிறும்.

“நார்மல் ஆயிடுச்சு, அதான் விட்டுட்டேன்” என்பதுதான் எல்லாவற்றிலும் அதிகம் கேட்கிற பதில். மாத்திரை வேலை செய்வதால்தான் நார்மல். “ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே” என்பதற்கு, ஆமாம், பெரும்பாலானோருக்கு அப்படித்தான் என்று நேராகவே சொல்லிவிடுங்கள். மழுப்பினால் மூன்றாவது மாதம் அவர் வரமாட்டார். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம், மாத்திரை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெயில் காலத்தில் வயதானவர்கள் மாத்திரையோடு வயலில் நின்று தலைசுற்றி விழுவதுண்டு. உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் அனுப்புங்கள், நீங்களாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.

முகாமுக்குப் பிந்தைய வேலைக்கு ஒரு நோட்டு போதும். பெயர், தேதி, இரண்டு அளவு, எந்தக் கை, பட்டை அளவு, மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், அடுத்த தேதி. அடுத்த தேதி என்கிற கட்டம் காலியாக இருக்கவே கூடாது. யாருடைய அளவையும் மைக்கில் சொல்லவோ வாட்ஸ்அப் குழுவில் போடவோ கூடாது. பத்து வீட்டுக்கு ஒரு குழு உறுப்பினர் என்று பிரித்து, கூடுதல் அளவு வந்தவர் ஏழு நாளுக்குள் போனாரா என்று அவர் பார்க்க வேண்டும். போகாதவர் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்க வேண்டும், திட்டக் கூடாது. கூலி போகும், பஸ் இல்லை, மாமியாருக்குத் தெரியக் கூடாது என்பவைதான் பதில்களாக இருக்கும். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் இப்படி வீட்டுக்குப் போய் அளந்து, பேசி, மருத்துவரிடம் சேர்த்துவிட்ட ஆய்வு 2020-இல் வெளியானது. இரண்டு ஆண்டில் மற்ற ஊர்களைவிட மேல் அளவு சராசரியாக 5 கூடுதலாகக் குறைந்திருந்தது. கேட்கச் சின்ன எண்தான், ஊர் முழுக்க 5 குறைவது சின்ன விஷயம் இல்லை.

கட்டுப்பாட்டுக்கு வரும் வரை மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். இலக்கு 140/90-க்குக் கீழே, சர்க்கரையோ சிறுநீரக, இதய நோயோ இருந்தால் மருத்துவர் 130/80 வைப்பார். ஆறு மாதம் கழித்து எத்தனை பேரைப் பார்த்தோம் என்று எண்ண வேண்டாம். கூடுதல் என்று கண்டுபிடித்தவர்களில் இன்றைக்கு எத்தனை பேர் 140/90-க்குக் கீழே என்று எண்ணுங்கள். ஊராட்சிக் கூட்டத்தில் படிக்க வேண்டியது அந்த எண்தான்.

கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் கிளம்புகிறவர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். நோட்டு பெரும்பாலும் அறுந்து போவது அவர்களிடம்தான். கிளம்பும் முன் இரண்டு மாத மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்து, என்.சி.டி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவர்கள் போனிலேயே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். போன ஊரின் அரசு ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் அதே மாத்திரையைத் தொடர்ந்து வாங்க வசதியாக இருக்கும்.